பதம் பார்த்தது கணக்கில் வராது

ஆவணி 4

அரிசி மண்டிக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் முகூர்த்தத் தேதியைத் தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை. இன்று முதல் எழுதப்போகிறேன். காரணம், பேச முடியவில்லை. மேல்வரிசையில் முன்னும் பின்னுமாகப் பாதிப் பல் போய்விட்டது. வாயைத் திறந்தால் பேச்சுக்கு முன்னால் காற்று வருகிறது. போன கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனிதன் இதற்கு மேல் என்ன பேசுவான்.

என் பெயர் சென்னியப்பன். கோபியைச் சுற்றி எந்த மண்டபத்தில் மேளம் கொட்டினாலும் பின்கட்டில் அடுப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். நான் கோபக்காரன் என்று சொல்வார்கள். கோபமில்லாத சமையல்காரனை வைத்து ஒரு பந்தி நடத்திப் பார்க்கட்டும், தெரியும்.

இன்று பல் டாக்டர் ஹேமலதாவிடம் போனேன். பல் போனதற்குக் காரணம் சர்க்கரை வியாதி. ஈறு கெட்டு ஒவ்வொன்றாக ஆடி விழுந்தது. போன வருஷம் வேறொரு ஊரில் தாடை எலும்பில் ஒரு ஸ்க்ரூ இறக்கிப் பல் கட்டினார்கள். மூன்று மாதத்தில் சீழ் பிடித்து, ஸ்க்ரூ ஆடி, ஒரு நாள் இட்லியோடு வந்துவிட்டது. இந்தம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு நேராகச் சொல்லிவிட்டது.

"ரத்தத்துல சர்க்கரை அடங்காம ஸ்க்ரூ வெச்சா எலும்பு பிடிக்காதுங்ணா. புண்ணு ஆறாது, சீழ் வெக்கும். இன்னொருக்கா போச்சுன்னா அப்புறம் ஸ்க்ரூ வெக்கறதுக்கு எலும்பே மிச்சமிருக்காது. மூணு மாசச் சர்க்கரை ஏழரைக்குக் கீழ வரட்டும், வெக்கலாம்."

ஏழரை என்றால் எனக்குச் சனிதான் ஞாபகம். அது வரைக்கும் கழற்றி மாட்டும் பல்செட்டு ஒன்று கொடுத்திருக்கிறது. அதைத்தான் காலமெல்லாம் மாட்டிக்கொள்ளேன் என்று ஊரில் பாதிப் பேர் யோசனை சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். அந்தச் செட்டு மேலண்ணம் முழுவதையும் மூடிக்கொள்கிறது. அதை மாட்டிக்கொண்டு ரசத்தை வாயில் விட்டால் வெந்நீர். பாயசத்தை விட்டால் கெட்டியான வெந்நீர். நாக்கு இல்லாமல் நான் யார்? வெறும் கரண்டி பிடிக்கிற ஆள். ஸ்க்ரூப் பல் நின்றால் சென்னியப்பன் உண்டு. நிற்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இன்று முதல் இனிப்பைத் தொடமாட்டேன். பெரிய அண்டா இரண்டுக்கு ஈயம் பூசப் போட்டிருக்கிறேன்.

ஆவணி 9

நம்பியூர்க் கல்யாணம். காலையில் சர்க்கரையில்லாத காபி. அப்புறம் இரண்டு ராகி தோசை. மதியம் கால் வயிற்றுக்குச் சோறு, கீரை, மோர். கடைசிப் பந்தி முடிந்ததும் கூட வேலை செய்தவர்கள் ஜாங்கிரியைப் பிய்த்துத் தின்றார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குப்புராஜ் ஒன்றை நீட்டினான். "எடத்தக் காலி பண்ணு" என்றேன். அவன் எண்ணெய்ச் சட்டிக்காரன், என்னோடு பத்து வருஷமாக இருக்கிறான், என் குணம் தெரியும்.

வேலையில் இடுப்பு ஒடிந்துவிட்டது. மளிகைக்காரன் புது வெல்லம் அனுப்பிவிட்டான். புது வெல்லத்தை நம்பக்கூடாது, ஒப்பிட்டுக்கு, அதாவது போளிக்கு, வைக்கிற பூரணத்தை ஒவ்வொரு சட்டிக்கும் பதம் பார்க்க வேண்டியதாயிற்று. ஜாங்கிரிப் பாகு இறுகப் பார்த்தது, நல்லவேளை நாக்கில் வைத்துப் பிடித்துவிட்டேன். பாயசம் உள்ளங்கையில் நாலைந்து தடவை. நான் சரியென்று சொல்லிவிட்டு நகர்ந்த பிறகு துளசிமணி ஒரு ஜக்குப் பாலைக் கொண்டுவந்து ஊற்றினாள். என் வீட்டுக்காரி, சோறும் காயும் அவள் பொறுப்பு. எதற்கு என்று சத்தம் போட்டேன். "அடி பிடிச்சிருமோன்னு ஊத்துனனுங்க" என்றாள். நான் கிண்டும் பாயசம் அடி பிடிக்குமா? கேட்டால் சிரிக்கிறாள்.

ஆக, இன்று ஒரு பொட்டு இனிப்புக்கூடத் தின்னவில்லை. வைராக்கியம் என்றால் இதுதான்.

ஆவணி 16

இரட்டை முகூர்த்தம். இனிப்பு தொடவில்லை.

ஆவணி 22

விரலில் குத்திப் பார்க்கிற மெஷினில் காலையில் பார்த்தேன். இருநூற்று எழுபது. மெஷின் சரியில்லை.

துளசிமணியின் விரலில் குத்திப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு காட்டுகிறது. என் விரலுக்கு மட்டும் சரியில்லாத மெஷின்.

ஆவணி 28

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தது. மூன்று மாதச் சர்க்கரை ஒன்பது புள்ளி எட்டு.

"மாத்திரை போடறீங்களாங்ணா?"

"தவறாமப் போடறனுங்க."

"இனிப்பு?"

"தொடறதே இல்லீங்க. காபிக்குக்கூட இல்லீங்க. என்ற வூட்டுக்காரியக் கேளுங்க."

துளசிமணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "வூட்டுல தொடறதில்லீங்க" என்றாள். அதை ஏனோ 'வூட்டுல' என்று அழுத்திச் சொன்னாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்ததால் கவனிக்கவில்லை.

சர்க்கரை டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தது. அவர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். கவலையால்கூடச் சர்க்கரை ஏறுமாம். எனக்குக் கவலை அதிகம். அது காரணமாக இருக்கும்.

புரட்டாசி 3

புரட்டாசி பிறந்துவிட்டது. முகூர்த்தம் கிடையாது. வருஷம் பூராவும் ஓடுகிற சமையல்காரனுக்கு இந்த ஒரு மாதம் ஓய்வு. சனிக்கிழமைதோறும் ஊர்ப் பெருமாள் கோவில் அன்னதானம் மட்டும் என் கை. கூலி வாங்குவதில்லை.

காலையில் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் நடந்தேன். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகிறது. அதைப் பார்க்கவே நடக்கலாம்.

புரட்டாசி 7

முதல் சனிக்கிழமை. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தயிர்சாதம், சுண்டல். மடப்பள்ளிக்குள் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும். சாமிக்குப் படைக்கிற வரைக்கும் யாரும் நாக்கில் வைக்கக்கூடாது. முகர்ந்து பார்க்கக்கூடாது என்பார் அர்ச்சகர், அதை மட்டும் மூக்கிடம் எப்படிச் சொல்வது. உப்பும் வெல்லமும் கண்ணளவுதான். இந்த நாலு சாதமும் என் அப்பா காலத்திலிருந்து அதே படி, அதே அளவு. கை தானாகப் போடும்.

பிரசாதம் கொடுத்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு துளசிமணியிடம் கொடுத்துவிட்டேன்.

புரட்டாசி 15

நூற்று நாற்பது. மெஷினைப் பெருமாள் சரி செய்துவிட்டார்.

புரட்டாசி 21

மூன்றாம் சனிக்கிழமை. கூட்டம் கோவிலைச் சுற்றிக்கொண்டு நின்றது. நூற்று இருபத்தெட்டு.

புரட்டாசி 29

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். எட்டு புள்ளி ஆறுக்கு இறங்கியிருக்கிறது. "இதே மாதிரி இருந்தீங்கன்னா கார்த்திகை கடைசியில ஸ்க்ரூ வெச்சர்லாங்ணா. என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலீங்க. பெருமாள் பாத்துக்கறாருங்க."

அந்தம்மா சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டது.

ஐப்பசி 6

தீபாவளி ஆர்டர். கொட்டகை போட்டு ஆறு அடுப்பு. லட்டு, மைசூர்பாகு, அதிரசம், பாதுஷா. நின்று சாப்பிட நேரமில்லை. பகல் முழுக்க மோர் மட்டும். பசி என்பதே இல்லை, அதுதான் ஆச்சரியம்.

ஐப்பசி 9

இருநூற்று அறுபது. மெஷினுக்குப் புது பேட்டரி போட்டேன்.

ஐப்பசி 10

இருநூற்று எண்பத்தைந்து. பழைய பேட்டரியே தேவலை.

ஐப்பசி 25

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதுகிறேன்.

கவுந்தப்பாடி மண்டபம். பெண் வீட்டுக்கு டாக்டர் ஹேமலதா சொந்தமாம், எனக்குத் தெரியாது. தாலி கட்டி முடிந்ததும் அந்தம்மா பட்டுச்சேலையோடு நேராகச் சமையல்கட்டுக்குள் வந்து, சர்க்கரை மூட்டை ஓரமாக நின்றிருக்கிறது. என்னைக் கூப்பிடவில்லை. நான் என் வேலையில் இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது என் உள்ளங்கையில் பாயசம்.

"கையில என்னங்ணா?"

"பாயசங்க டாக்டரம்மா. பதம் பாக்கறனுங்க."

"அதுக்கு முன்னாடி?"

"ஜாங்கிரிப் பாகுங்க."

"அதுக்கும் முன்னாடி?"

"ஒப்பிட்டுப் பூரணமுங்க. நாலு சட்டிங்க, ஒவ்வொண்ணு ஒவ்வொரு மாதிரி இருக்குமுங்க."

"நான் இங்க வந்து அரைமணி நேரமாச்சுங்ணா. இந்த அரைமணியில நீங்க தின்னத நான் தின்னிருந்தா எனக்கே சர்க்கரை வந்திருக்கும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தின்னனுங்களா? நானுங்களா? ஒரு ஜாங்கிரியப் பிட்டு வாயில போட்டிருந்தா என்னைய என்ன வேணாக் கேளுங்க. நான் பதம் பாத்தனுங்க. அது தொழிலுங்க. திங்கறது வேற, பதம் பாக்கறது வேறங்க."

"உங்களுக்கு வேறங்ணா. ரத்தத்துக்கு அது தெரியாதுங்களே" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அந்தம்மாவுக்கே சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. அடுத்து துளசிமணி சிரித்தாள். எண்ணெய்ச் சட்டிக்கு அந்தப் பக்கம் குப்புராஜும் சிரித்தான். உள்ளங்கையில் இருந்த பாயசத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். துடைக்கவும் மனசு வரவில்லை.

ஐப்பசி 26

காலையில் வாய்க்கால் கரையில் நடந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன்.

புரட்டாசி முழுக்க முகூர்த்தமில்லை. கோவிலில் வாயைக் கட்டியிருந்தேன். சர்க்கரை இறங்கியது. ஐப்பசியில் துண்டை அவிழ்த்தேன், ஏறியது. பெருமாள் எதையும் செய்யவில்லை, வாயைக் கட்டச் சொன்னதைத் தவிர. நாக்கைக் காப்பாற்றப் பல் வேண்டும். பல் நிற்க நாக்கைக் கட்டவேண்டும். இதென்ன கூத்து.

கார்த்திகை 4

கோவிலில் முடிகிறது கல்யாணத்தில் முடியாதா என்று, இன்று மண்டபத்தில் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு சமைத்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து தூர நின்றே கேட்டார்: "மாஸ்டருக்கு ஏதாச்சும் தொத்து வியாதிங்களா?" அவிழ்த்துவிட்டேன்.

கோவில் சாதம் நாலு வகை, எப்போதும் ஒரே அளவு. கல்யாணத்துக்கு இருபத்திரண்டு வகை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மளிகைக் கடை, ஒவ்வொரு கடைக்கும் ஒரு புளி. பதம் பார்க்காமல் முடியாது. வேறு வழியில்லாமல் துளசிமணியைக் கூப்பிட்டேன். கையை நீட்டு என்று ஒரு சொட்டுப் பாயசத்தை விட்டேன்.

"சர்க்கரை சாஸ்திங்க" என்றாள்.

"எனக்குக் கண்ணால பாத்தாலே தெரியும், சரியா இருக்குது."

"அப்பக் கண்ணாலயே பாத்துக்கங்க, என்னைய எதுக்குக் கூப்பிட்டீங்க?"

குப்புராஜ் சட்டியைப் பார்த்துக்கொண்டே சிரிக்கிறான். இவனை வேலையை விட்டு நிறுத்தலாம் என்றிருக்கிறேன். ஆனால் வடை இவனைப் போல் யாருக்கும் வராது.

கார்த்திகை 18

துளசிமணி சொன்னபடி சாம்பாரில் உப்பைக் குறைத்தேன். பந்தியில் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. உப்பு குறைந்தால் யார் சொல்லுவார்கள், மரியாதைக்குச் சாப்பிட்டுப் போவார்கள்.

நூற்று அறுபது.

மார்கழி 12

முகூர்த்தமில்லாத மாதம். பனி. நடை. கொள்ளு ரசம். கோலம் போடும்போது துளசிமணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது, தைலம் தேய்த்துவிட்டேன். நூற்று இருபது.

தை 8

ஏழு புள்ளி இரண்டு. ஏழரையைத் தாண்டி இறங்கிவிட்டேன்.

மேல்தாடையில் நாலு ஸ்க்ரூ இறக்கியாகிவிட்டது. மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே, தச்சுப்பட்டறையில் தலையைக் கொடுத்த மாதிரி இருந்தது. ஆனி வரைக்கும் எலும்பு பிடிக்க விடவேண்டுமாம். அப்புறம்தான் மேலே பல் கட்டுவது.

"இனித்தான் உங்க கையில இருக்குதுங்ணா" என்றது டாக்டரம்மா. வாயில் பஞ்சு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். துளசிமணி "என்ற கையிலயும்தானுங்க" என்றாள். ஒரு வாரத்துக்கு ரசஞ்சாதம்.

மாசி 9

தை முகூர்த்தமெல்லாம் துளசிமணியின் உள்ளங்கையில் ஓடியது. தினமும் அவள் கையை எதிர்பார்த்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. போன முகூர்த்தத்தில் ஒரு சின்னப் பையன் "பாட்டிதான் மாஸ்டரா" என்று கேட்டான். முதலில் அவளைப் பாட்டி என்றதே தப்பு.

மாசி 14

ஈரோட்டு ஜவுளிக்காரர் வீட்டுக் கல்யாணம். பெரிய இடம். துளசிமணி சோறு வடிக்கிற பக்கம் போயிருந்தாள். மைசூர்பாகு கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. சந்தேகம் தீர்ந்தது. காசி அல்வாவும் சந்தேகமாக இருந்தது.

மற்றபடி விசேஷமில்லை. மழை வரும் போலிருக்கிறது.

மாசி 17

சந்தேகம்.

மாசி 21

இந்த மாதம் சந்தேகம் அதிகம்தான். வெயில் ஏறினால் பாகு குணம் மாறும். மெஷினை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடவும் நேரமில்லை.

மாசி 27

காலையில் வாய் கொப்பளித்தபோது ஈறில் ரத்தம். தொட்டால் வலி. கண்ணாடியில் பார்த்தேன், இரண்டு ஸ்க்ரூவைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. போன தடவை இப்படித்தான் ஆரம்பித்தது.

டாக்டரம்மா சுத்தம் பண்ணியது. மருந்து வைத்தது. சர்க்கரை பார்த்தது. என்ன காட்டியது என்று எழுதப்போவதில்லை.

"ஸ்க்ரூ இன்னும் ஆடலைங்ணா. சீக்கிரம் வந்துட்டீங்க, அதனால பொழச்சது. ஆனா எலும்பு முழுசா பிடிக்கலை. இன்னொருக்கா இப்படி வந்தா எடுத்தறோணும். எடுத்தா மறுபடி வெக்க முடியாது. என்னங்ணா பண்ணுனீங்க?"

"சளி பிடிச்சிருந்ததுங்க" என்றேன்.

டாக்டரம்மா துளசிமணியைப் பார்த்தது. துளசிமணி என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த பல் படத்தைப் பார்த்தேன்.

மாசி 28

வீட்டில் காலையிலிருந்து பாத்திரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மத்தியானம் நானே ஆரம்பித்தேன்.

"ஸ்க்ரூ நிக்காமப் போயி அந்தச் செட்டை மாட்டிக்கிட்டா என்ற நாக்குப் போயிரும் புள்ள. நாக்குப் போனா நான் எதுக்கு ஆவேன்? அந்தப் பயத்துலதான், இருக்கறப்பவே ஒருக்கா ருசி பாத்துக்கலாம்னு..."

துளசிமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "உங்க நாக்குப் போயி நாலு வருசமாச்சுங்க மாமா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"சர்க்கரை ஏற ஏற உங்களுக்கு இனிப்பும் தெரியல, உப்பும் தெரியல. அள்ளி அள்ளிப் போட்டீங்க. நீங்க அந்தப் பக்கம் போனதுக்கப்பறம் நான் பாயசத்துக்குப் பால ஊத்துவேன், சாம்பாருக்குத் தண்ணி ஊத்தி வேகவெச்ச பருப்பப் போடுவேன். பூரணத்துக்குத் தேங்காயக் கூட்டுவேன். போன நாக்குக்காக இருக்கற பல்லக் கெடுத்துக்காதீங்க."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா தாங்கிக்குவீங்களா?"

கீரைக் கட்டின் நாரை எடுத்து வெளியே போடப் போனாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். நாலு வருஷமாக எத்தனை கல்யாணம். எத்தனை பேர் வந்து என் கையைப் பிடித்து "சென்னியப்பன் பாயசம்னா சென்னியப்பன் பாயசந்தான்" என்று சொன்னார்கள். நானும் ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன். அழுகை வந்தது. அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம்.

பங்குனி 2

குப்புராஜிடம் தனியாகக் கேட்டேன், உனக்கு இது தெரியுமா என்று. அவன் தலையைச் சொறிந்தான்.

"தெரியுமுங்ணா."

"வேற யாருக்குத் தெரியும்?"

"பாத்திரம் கழுவற அக்காக்களுக்குத் தெரியும். பால்காரனுக்குத் தெரியும், ஒரு கேன் சேத்திக் கொண்டாரச் சொல்றது துளசியக்காதானுங்களே."

ஆக, கோபிச் சுற்று வட்டாரத்தில் தெரியாத ஒரே ஆள் மாஸ்டர்தான். கோபப்படத்தான் நினைத்தேன். சிரிப்பு முந்திக்கொண்டது. குப்புராஜ் என்னைப் பார்த்துப் பயந்துபோனான். இத்தனை வருஷத்தில் நான் சிரித்துப் பார்க்காதவன்.

பங்குனி 6

பெருந்துறைக் கல்யாணம். எல்லோரும் பார்க்க நடுவில் நின்று, "துளசி, வந்து பதம் பாரு" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். ஓசைப்படாமல் பின்னால் வந்து பால் ஊற்றுகிற வேலை இனி வேண்டாம். முதலில் அவளுக்குக் கூச்சம். அப்புறம் பாயசத்தில் ஒரு சொட்டு, ரசத்தில் ஒரு சொட்டு, மோர்க்குழம்பில் ஒரு சொட்டு. உப்பு கம்மி என்றாள், போட்டேன். புளி தூக்கல் என்றாள், விளாவினேன். மைசூர்பாகை மட்டும் நெய்யின் வாசத்தை வைத்தும் சட்டியின் ஓரத்தில் நுரை பூக்கிறதை வைத்தும் நானே இறக்கினேன். அதற்கு நாக்கு வேண்டாம்.

அவளுக்குச் சர்க்கரை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ருசி பார்த்துத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். என் கதை அவளுக்கு வேண்டாம்.

பங்குனி 19

மெஷின் கிடைத்தது. நான்தான் சேமியா டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். நூற்று முப்பது.

சித்திரை 11

வெயில் தாங்கவில்லை. நுங்கு. ஈறு வீக்கம் முழுசாக வற்றிவிட்டது. துளசிமணிக்கு ஒரு கண்ணாடி வளையல் சோடி வாங்கினேன். பெரிய கரண்டிக்குக் கைப்பிடி மாற்றினேன்.

வைகாசி 3

நாலு முகூர்த்தம் தொடர்ந்து. சந்தேகம் ஒன்றும் வரவில்லை.

வைகாசி 20

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தது. நாலு ஸ்க்ரூவையும் எலும்பு பிடித்துக்கொண்டிருக்கிறதாம். ஒரு சின்னக் கம்பியால் தட்டிக் காட்டியது, கணீரென்று கேட்டது. வெண்கலப் பானை மாதிரி. "ஆறு புள்ளி ஒன்பதுங்ணா, எனக்கே நம்ப முடியலை" என்றது. சர்க்கரை அடங்கினால் நாக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொரணை திரும்பும் என்றது. வரும் வழியில் ஒரு எலுமிச்சங்காய் வாங்கி நக்கிப் பார்த்தேன். புளித்தது. நன்றாகவே புளித்தது.

ஆனி 10

பல் கட்டியாகிவிட்டது.

கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். நான் சொன்ன முதல் வார்த்தை "சாம்பார்". துளிக் காற்றும் வரவில்லை. நர்ஸ் பெண் சிரித்தது. துளசிமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணாலத்தப்ப இருந்த மாதிரியே இருக்கறீங்க" என்றாள். வழியெல்லாம் வாயை மூடவில்லை, பஸ்ஸில் தெரியாதவனிடம்கூட நாலு வார்த்தை பேசினேன்.

தினமும் சின்ன பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்க்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் காட்டவேண்டும். சர்க்கரை ஏறினால் இந்தப் பல்லுக்கும் அதே கதிதான் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியது. உப்பு, புளி, காரம் பதம் பார்க்கலாம். இனிப்பு மட்டும் துளசிமணியின் இலாகா.

ஆனி 14

ஒரு வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் செட்டில்லாமல், ஓட்டையில்லாமல் மண்டபத்துக்குப் போனேன். ரசம் கொதித்து நுரை கட்டும் வரைக்கும் காத்திருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தேன். மிளகு தனியாகத் தெரிந்தது. சீரகம் தனியாகத் தெரிந்தது. தக்காளியின் புளிப்பும் புளியின் புளிப்பும் வேறு வேறாகத் தெரிந்தன. என்ன குறை என்று தேடினேன். ஒரு குறையும் இல்லை. துளசிமணி ஏற்கனவே பார்த்து முடித்துவிட்ட ரசம் அது. "ஒண்ணும் போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை வைத்தேன். அவள் நம்பாமல் இன்னொருதரம் கேட்டாள். நானும் இன்னொருதரம் சொன்னேன்.

பந்தி முடிந்ததும் சத்தியமங்கலத்துக்காரர் ஒருத்தர் வெற்றிலைத் தட்டோடு சமையல்கட்டுக்கு வந்தார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணமாம். தட்டை மாஸ்டர் கையில் கொடுத்துப் பேசி முடிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என் முன்னால் நீட்டினார்.

"இந்த ரசமும் பாயசமும் அப்படியே வேணுமுங்க மாஸ்டர்."

"அப்பத் தட்ட அங்க குடுங்க" என்று துளசிமணியைக் காட்டினேன். "அடுப்பு நான் பாத்துக்கறனுங்க. ருசி அவங்களுதுங்க."

அவர் ஒரு நிமிஷம் முழித்தார். துளசிமணி அதைவிட முழித்தாள். "கம்முனு நீங்களே வாங்குங்க" என்று என்னிடம் முணுமுணுத்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ரெண்டு கையையும் நீட்டி வாங்கினாள். முகம் சிவந்துவிட்டது. எத்தனை இலை, எந்த மண்டபம், காலைப் பந்தி எத்தனை மணிக்கு என்று நான் கேட்பது போலவே கேட்டாள். அப்புறம் நான் ஒரு நாளும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"ரெண்டு வூட்டுலயும் சர்க்கரைக்காரங்க எத்தன பேருங்க?"

சத்தியமங்கலத்துக்காரர் சிரித்துவிட்டார். "அதைக் கேட்டா பாதிப் பந்தி எந்திரிச்சு நிக்குமுங்க. நானும் அதுல ஒருத்தன்."

"அப்ப அந்தப் பாதிப் பந்திக்கு, பாலைச் சுண்டக் காச்சி, பாதாமும் ஏலக்காயும் போட்டு, சர்க்கரை சேக்காம தனியா ஒண்ணு வெச்சர்லாமுங்க. கண்ணாலத்துக்கு வந்துட்டு அவங்க மட்டும் எதுக்கு இலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோணும்?"

இத்தனை வருஷமாக நான் எத்தனையோ தட்டு வாங்கியிருக்கிறேன். எனக்கே சர்க்கரை வந்த பிறகுகூட இப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. பக்கத்தில் போய் நின்று, "அதுல எனக்கு ஒரு டம்ளர் உண்டா?" என்றேன்.

வந்தவர் எதிரில் நிற்கிறாரே என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"உங்களுக்குன்னு யோசிச்சுத்தானுங்க சொன்னேன்" என்றாள்.